மீடியம் ஃபிரேமில் 400 மி.மீ. சீட்போஸ்ட் போட்டால் அது லார்ஜ் ஆகிவிடுமா?

கேள்வி, மார்ச் 3

பழைய அலுமினிய ஹார்ட்டெயில் (பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத) மவுண்டன் பைக் ஒன்று கைக்கு வருகிறது. மீடியம் சைஸ். என் உயரம் 176 செ.மீ., கவட்டிலிருந்து தரை வரை 84 செ.மீ. அட்டவணையைப் பார்த்தால் நான் மீடியத்துக்கும் லார்ஜுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறேன். சீட் டியூப் (சீட்போஸ்ட் இறங்கும் ஃபிரேம் குழாய்) நீளம் 420 மி.மீ. என்று போட்டிருக்கிறது. கூடவே 400 மி.மீ. சீட்போஸ்ட் (சீட்டைத் தாங்கும் தண்டு) வருகிறது. சீட்டை நன்றாக ஏற்றிக்கொண்டால் போதும், மீடியமே லார்ஜ் ஆகிவிடும் என்பது என் கணக்கு. ஃபிரேம் சைஸ் என்பதே சீட் உயரத்துக்காகத்தானே?

பதில், மார்ச் 3, இரவு

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கவட்டு உயரத்தை 0.883-ஆல் பெருக்கினால் பெடல் தண்டுகள் (கிராங்க்) சுழலும் அச்சின் மையத்திலிருந்து (பாட்டம் பிராக்கெட்) சீட்டின் மேற்பரப்பு வரை வரவேண்டிய உயரம் கிடைக்கும். ரோடு பைக்கில் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பிரபலமாக்கிய எண் இது. 840 × 0.883 = 742 மி.மீ. இதில் சீட் டியூப் 420-ஐக் கழித்தால் 322 வெளியே நிற்கவேண்டும். போஸ்ட் 400 என்றால் உள்ளே 78 மட்டும். பெரும்பாலான போஸ்ட்களில் குறைந்தபட்ச நுழைவுக் கோடு (ஃபிரேமுக்குள் மறைந்தே இருக்கவேண்டிய கோடு) அடியிலிருந்து 100 மி.மீ. அளவில் இருக்கும். பற்றாது. விட்டுவிடுங்கள்.

மார்ச் 4, காலை

நேற்று எழுதியது தப்பு. சீட்டின் தடிமனை மறந்துவிட்டேன். 742 என்பது உட்காரும் பரப்பு வரை. போஸ்டின் நீளமோ ரெயிலை (சீட்டின் அடியில் ஓடும் கம்பிகள்) பிடிக்கும் இடம் வரைதான். ரெயிலுக்கும் மேற்பரப்புக்கும் நடுவே சாதாரணமாக 40 முதல் 50 மி.மீ. இருக்கும். 45 என்று வைத்துக்கொள்வோம்.

742 − 45 − 420 = 277 வெளியே. 400 − 277 = 123 உள்ளே.

கோடு 23 மி.மீ. உள்ளே போய்விடுகிறது. ஒரு சீட்டின் தடிமனில் "பற்றாது" என்பது "பற்றும்" என்று மாறிவிட்டது. இப்படி அவசரக் கணக்கை வைத்து ஒருவரை நல்ல பைக்கை விடச் சொல்லியிருக்கக் கூடாது.

இன்னொன்றும் பாருங்கள். அட்டவணையில் இருக்கும் 420 எதுவரை அளந்தது? சிலர் சீட் டியூபின் மேல் விளிம்பு வரை அளப்பார்கள், சிலர் டாப் டியூபின் (சீட் டியூபிலிருந்து ஹேண்டில்பார் பக்கம் போகும் மேல்குழாய்) மையம் வரை. இரண்டுக்கும் 30, 40 மி.மீ. வித்தியாசம் வரலாம். டேப்பை நீங்களே பிடித்து அளந்துவிடுங்கள்.

மார்ச் 4, இரவு

மதியமெல்லாம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுதியதும் பாதி உண்மைதான். மீதிப் பாதி என் சொந்தக் கதை.

சில வருடங்களுக்கு முன்னால் எனக்குச் சின்னதாக இருந்த ஒரு ஃபிரேமை வாங்கினேன், இதே எண்ணத்தில். 400 மி.மீ. போஸ்ட் போட்டு, கோடு மறையும் வரை இறக்கி, அதற்கு மேலும் ஒரு விரற்கடை இறக்கித்தான் ஓட்டினேன். விதிப்படி எல்லாம் சரி. நாலைந்து மாதத்தில் ஏற்றத்தில் உட்கார்ந்து மிதிக்கும்போது ஒரு கிறீச் சத்தம். சீட் கிளாம்ப்தான் (போஸ்டை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) என்று நினைத்து அதைக் கழற்றி, கிரீஸ் போட்டு, திரும்ப மாட்டினேன். ரெண்டு நாள் நின்றது, மறுபடி வந்தது. பெடலைக் கழற்றினேன். கிராங்க் போல்ட்டை இறுக்கினேன். இரண்டு வாரம் இப்படியே போனது.

ஒரு நாள் சேறு காய்ந்திருந்த ஃபிரேமை ஈரத்துணியால் துடைக்கும்போது, சீட் டியூபும் டாப் டியூபும் சேரும் வெல்டுக்குப் பின்பக்கம் தலைமுடி அளவு ஒரு கறுப்புக் கோடு. துடைத்தால் போகவில்லை. நகத்தைக் குறுக்காக ஓட்டினேன். பெயின்ட்டில் விழுந்த லேசான கீறல் என்றால் நகம் வழுக்கிக்கொண்டு போய்விடும். இது தடுக்கியது. சீட்டைப் பிடித்துப் பின்னால் அழுத்தினால் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிந்து விரிந்தது, விட்டால் மூடிக்கொண்டது.

போஸ்டை உருவி வெளியே வைத்து அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த ஃபிரேமில் சீட் டியூப், டாப் டியூபுக்கு மேலே நிறைய நீட்டிக்கொண்டிருந்தது. மேல் விளிம்பிலிருந்து டாப் டியூப் வெல்டின் கீழ்விளிம்பு வரை 140 மி.மீ. உள்ளே இருந்த போஸ்ட் 115. அதாவது போஸ்டின் அடி, வெல்டுக்கு நடுவிலேயே நின்றுவிட்டது. என் முழு எடையும் அந்த மெல்லிய குழாயை வெல்டின் மேல் வைத்துப் பின்பக்கமாக நெம்பியிருக்கிறது, ஒவ்வொரு மிதியிலும்.

போஸ்டில் இருக்கும் அந்தக் கோடு போஸ்டைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. ஃபிரேமைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எந்த ஃபிரேமில் அது மாட்டப்படும் என்று போஸ்ட் செய்தவருக்கு எப்படித் தெரியும்? ஃபிரேமுக்குத் தனிக் கணக்கு உண்டு: போஸ்டின் அடி, டாப் டியூப் வந்து சேரும் வெல்டின் கீழ்விளிம்பைத் தாண்டிக் கொஞ்சமாவது கீழே போகவேண்டும். ஃபிரேம் செய்தவர் தன் கையேட்டில் ஒரு அளவு சொல்லியிருந்தால், போஸ்ட் சொல்வதையும் அதையும் பக்கத்தில் வைத்து எது பெரியதோ அதை எடுக்கவேண்டும்.

அதனால் உங்களுக்கு இரண்டு வேலை. சீட் டியூபின் மேல் விளிம்பிலிருந்து அந்த வெல்டின் கீழ்விளிம்பு வரை அளந்து சொல்லுங்கள். இப்போது ஓட்டும் சைக்கிளில் உங்களுக்குச் சுகமான சீட் உயரத்தையும் அளந்து சொல்லுங்கள். 0.883-ஐ விட அது நம்பகமானது.

மார்ச் 5

நெம்புகோல் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கமாக: வெளியே இருக்கும் நீளம் நெம்பும் கை, உள்ளே இருக்கும் நீளம் தாங்கும் கை. வெளியே 280 இருக்கும்போது, உள்ளே 200-க்குப் பதில் 100 மட்டும் இருந்தால் குழாயின் சுவரில் விழும் அழுத்து விசை ஏறக்குறைய இரட்டிப்பு. குண்டும் குழியுமான பாதையில் உட்கார்ந்தே போகிறவருக்கு இது இன்னும் மோசம். போஸ்ட் உள்ளே அதிகம் இருப்பதால் வரும் கெடுதல் கொஞ்சம் எடைதான். அதற்காகப் போஸ்டின் அடியை வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவசியமில்லாமல் வெட்டாதீர்கள்.

மார்ச் 5, இரவு

"ஃபிரேம் சைஸ் என்பதே சீட் உயரத்துக்காகத்தானே" என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 17 அங்குலம், 19 அங்குலம் என்று சொன்னதெல்லாம் சீட் டியூபின் நீளம்தான். 19 அங்குலம் என்றால் சுமார் 483 மி.மீ. டாப் டியூப் தரைக்கு ஏறக்குறைய இணையாக இருந்த நாட்களில் சீட் டியூப் நீண்டால் மற்றதெல்லாம் அதற்கேற்ப நீளும், ஒரே எண்ணில் எல்லாம் அடங்கிவிடும். கடையில் ஃபிரேமுக்கு மேலே காலை அகட்டி நின்று, கம்பிக்கும் கவட்டுக்கும் நடுவே எத்தனை விரல் என்று பார்ப்பார்கள்.

அப்புறம் டாப் டியூப் பின்பக்கம் சரிய ஆரம்பித்தது. டிராப்பர் போஸ்ட் (ஓட்டிக்கொண்டே சீட்டை ஏற்றி இறக்க உதவும் போஸ்ட்) வந்த பிறகு சீட் டியூப் இன்னும் குட்டையானது. இன்று ஒரு லார்ஜ் ஃபிரேமின் சீட் டியூப், அந்தக் கால 17 அங்குல ஃபிரேமின் அளவில் இருப்பது சர்வ சாதாரணம். அதனால்தான் ஸ்பெஷலைஸ்டு என்ற பைக் கம்பெனி சில மாடல்களில் ஸ்மால், மீடியம் என்பதையே விட்டுவிட்டு எஸ்1 முதல் எஸ்6 வரை எண் போட்டது. அதில் கால் நீளத்தைப் பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்லை. பைக் எவ்வளவு நீளமாக வேண்டும் என்று பார்த்து எடுக்கிறோம். சீட் டியூப்கள் எல்லாம் குட்டை என்பதால் அந்தச் சுதந்திரம் கிடைக்கிறது.

டிராப்பருக்கு முன்னால் என்ன செய்தார்கள் என்பது எனக்குப் பிடித்த சங்கதி. 1980களில் ஹைட்-ரைட் என்று ஒரு ஸ்பிரிங் இருந்தது. ஜோ பிரீஸ், ஜோஷ் ஏஞ்சல் இருவரும் செய்தது. ஒரு முனை போஸ்டில், மறுமுனை சீட் கிளாம்பில். இறக்கத்துக்கு முன்னால் குவிக்-ரிலீஸை (கையாலேயே திறக்கும் கிளாம்ப் பிடி) திறந்து சீட்டின் மேல் உட்கார்ந்தால் கீழே இறங்கும். மறுபடி திறந்து எழுந்தால் ஸ்பிரிங் மேலே தூக்கிவிடும், சீட்டும் கோணாமல் நேராக நிற்கும். அவ்வளவு எளிய விஷயம்.

மார்ச் 7

கேட்டவர் அளந்து போட்டிருக்கிறார். சுகமான சீட் உயரம் 730. சூத்திரம் சொன்னதை விட 12 குறைவு. மவுண்டன் பைக்கில் இப்படிக் கொஞ்சம் குறைத்து வைப்பது வழக்கம்தான். சீட் டியூப் 420 சரிதான், மேல் விளிம்பு வரை. விளிம்பிலிருந்து வெல்டின் கீழ்விளிம்பு வரை 148.

730 − 45 − 420 = 265 வெளியே. 400 − 265 = 135 உள்ளே. வேண்டியது 148-க்கும் மேல்.

போஸ்டின் கோட்டைக் கேட்டால் சரி என்கிறது. ஃபிரேமைக் கேட்டால் 13 மி.மீ. குறை என்கிறது. எனக்கு விரிசல் விட்டதும் இதே மாதிரிக் குறையில்தான். அந்த 400 மி.மீ. போஸ்டோடு இந்த மீடியத்தை ஓட்டாதீர்கள். இன்னும் நீளமான போஸ்ட் கிடைத்தால் ஓட்டலாம். ஆனால் ஓட்டவேண்டுமா என்பது வேறு கேள்வி. அதை நாளை எழுதுகிறேன்.

மார்ச் 8

உயரத்தைப் போஸ்ட் கொடுக்கும். நீளத்தை எது கொடுக்கும்?

ரீச் என்பது பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து ஹெட் டியூபின் (ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள முன்குழாய்) உச்சி வரை கிடைமட்டமாக உள்ள தூரம். பெடலில் எழுந்து நின்று ஓட்டும்போது உங்களுக்குக் கிடைக்கும் இடம் அதுதான். சீட்டை ஏற்றினாலும் இறக்கினாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. ஹெட் டியூபின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் ஸ்டாக்கும் அப்படியே.

எனக்குச் சின்னதாக இருந்த அந்த ஃபிரேமில் நான் பட்டது இரண்டும் சேர்ந்து. சீட் ஏறிவிட்டது, ஹேண்டில்பார் கீழேயே நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் ஓட்டினால் பிடரி பிடித்துக்கொள்ளும். எழுந்து நின்று திருப்பினால் முழங்கால் ஹேண்டில்பாரை இடிக்கும் தூரத்தில். செங்குத்தான இறக்கத்தில் முன்சக்கரம் எனக்கு அடியிலேயே இருப்பது போல ஒரு பயம், தலைகுப்புற விழப்போகிறோம் என்று உடம்பு பின்னால் ஓடும். பின்னால் போனால் முன்சக்கரத்தில் எடை குறைந்து வளைவில் வழுக்கும். நான் ஓட்டத் தெரியாதவன் என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நண்பரின் லார்ஜை வாங்கி அதே இறக்கத்தில் ஒரே ஒரு முறை இறங்கினேன். அன்றுதான் பைக்குக்கு நடுவில் நிற்பது என்றால் என்ன என்று தெரிந்தது.

மார்ச் 8, சற்றுப் பிறகு

"நீளமான ஸ்டெம் போட்டால் நீளம் வந்துவிடுமே" என்று ஒருவர். ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரை ஃபிரேமின் முன்பக்கத்தோடு இணைக்கும் துண்டு. நானும் 90 மி.மீ. ஸ்டெம் போட்டுப் பார்த்தவன்தான். உட்கார்ந்து மிதிக்கும்போது நீளம் வந்தது, உண்மை. ஆனால் கை முன்சக்கரத்தின் அச்சை நோக்கி இன்னும் முன்னால் போய்விட்டது, சக்கரம் இருந்த இடத்திலேயே இருந்தது. இறக்கத்தில் அந்தப் பயம் அதிகமானதே தவிரக் குறையவில்லை. திருப்பவும் மந்தமாகிவிட்டது. சமதளத்திலும் லேசான ஏற்ற இறக்கத்திலும் ஓட்டுகிறவருக்கு ஸ்டெம் ஓரளவு கைகொடுக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மார்ச் 10

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, சின்ன ஃபிரேம், நீளப் போஸ்ட் என்றாலே பாவம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கால் நீளம், உடம்பு குட்டை என்ற வாகு உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஒரே 176 செ.மீ. உயரத்தில் ஒருவருக்குக் கவட்டு உயரம் 79, இன்னொருவருக்கு 86 இருக்கலாம். 86 உள்ளவருக்கு மீடியத்தின் ரீச் கச்சிதமாகப் பொருந்தி, போஸ்ட் மட்டும் நீளமாக வேண்டியிருக்கும். அவர் செய்வது சரி. 79 உள்ளவருக்கு லார்ஜின் ரீச் பிடித்திருக்கும், ஆனால் பழைய மாதிரி நீண்ட சீட் டியூப் என்றால் சீட்டை இறக்கவே இடம் இருக்காது.

ரீச்சைப் பார்த்து ஃபிரேமை எடுங்கள், எடுத்த ஃபிரேமின் சீட் டியூப் உங்கள் காலுக்கு ஒத்துவருமா என்று அப்புறம் பாருங்கள். இந்த வரிசைதான் நான் சொல்ல வந்தது.

மார்ச் 10, இரவு

போஸ்ட் நீள நீள சீட் பின்னாலும் போகிறது. சீட் டியூப் சாய்ந்துதானே நிற்கிறது. 72 டிகிரி சாய்வில் 100 மி.மீ. ஏற்றினால் சீட் சுமார் 31 மி.மீ. பின்னால் போகும். 68 டிகிரி என்றால் 37.

ஃபுல் சஸ்பென்ஷன் (பின்சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் உள்ள) பைக் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அட்டவணையில் சீட் கோணம் 76 என்று போட்டிருப்பார்கள். அது பாட்டம் பிராக்கெட்டிலிருந்து, ஹெட் டியூப் உச்சியின் மட்டத்தில் சீட்போஸ்ட் இருக்கும் புள்ளிக்கு இழுத்த கற்பனைக் கோட்டின் கோணம். ஷாக்குக்கும் (பின்பக்க அதிர்வு தாங்கி) சக்கரத்துக்கும் இடம் விட்டு வளைந்தோ முன்தள்ளியோ நிற்கும் நிஜக் குழாயின் சாய்வு 68, 70 என்று இருக்கலாம். அந்த மட்டத்துக்கு மேலே சீட்டை ஏற்றும் உயரமானவருக்கு 76 கிடைக்காது. ஏற்றத்தில் பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்து மிதிப்பது போல இருக்கும். சீட்டை ரெயிலில் முன்னால் தள்ளிக் கொஞ்சம் மீட்கலாம்.

மார்ச் 13

டிராப்பர் போடலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாக. ஆனால் மூன்று இடத்தில் அளக்கவேண்டும்.

மேலே: கிளாம்பிலிருந்து ரெயில் வரை உங்களுக்கு இருப்பது 265. டிராப்பரின் இறக்கத்தோடு தலைப்பகுதியும் கழுத்தும் சேர்த்து இதற்குள் அடங்கவேண்டும். தலையும் கழுத்தும் 50 என்று வைத்தால் 180 மி.மீ. டிராப்பருக்கு 230, தாராளம். 210-க்கு 260, ஐந்து மில்லிமீட்டர்தான் மிச்சம். நாளை தடிமனான சீட்டோ மெல்லிய செருப்போ மாற்றினால் அந்த ஐந்து போய்விடும்.

கிராங்கையும் மறக்காதீர்கள். 175-லிருந்து 165-க்கு மாறினால் பெடல் கீழ்நிலையில் 10 மி.மீ. மேலே வந்துவிடும், சீட்டை 10 ஏற்றவேண்டும். டிராப்பருக்கு அது கூடுதல் இடம்.

கீழே: டிராப்பரின் உடல் நீளம். நீண்ட இறக்கம் என்றால் உள்ளே போகவேண்டிய பகுதியும் நீளம், அதற்கும் கீழே கேபிள் வளைந்து வர இடம் வேண்டும். சீட் டியூபுக்குள் ஒரு மெல்லிய குச்சியை விட்டு எங்கே தட்டுகிறது என்று பார்த்து அளந்துவிடலாம்.

மூன்றாவது விட்டம். 27.2, 30.9, 31.6, 34.9 என்று வகைகள். 30.9-ஐ 31.6 குழாயில் விட்டால் உள்ளே போகும், கிளாம்பை இறுக்கினால் பிடித்தது போலவும் இருக்கும், ஆனால் அடியில் ஆடிக்கொண்டே இருக்கும். போஸ்டின் அடிப்பக்கத்தில் எண் பொறித்திருக்கும், படித்துப் பாருங்கள்.

மார்ச் 14

குச்சி யோசனையை விடுங்கள், அது தப்பு. மெல்லிய குச்சி வளைவைத் தாண்டிப் போய்விடும், 31.6 மி.மீ. தடியுள்ள போஸ்ட் போகாது. பாட்டில் கூண்டுக்கான திருகு மரைகள் குழாயின் உட்பக்கம் சற்றுத் துருத்திக்கொண்டிருக்கும். குச்சி அதன் ஓரமாக நழுவிவிடும், போஸ்ட் முட்டி நிற்கும். என் டிராப்பர் அப்படித்தான் 20 மி.மீ. மேலேயே நின்றுவிட்டது, குச்சி அளவை நம்பி வாங்கியது. பழைய போஸ்ட் ஒன்றை, அதே விட்டத்தில் உள்ளதை, சும்மா இறக்குங்கள். தட்டும் இடத்தில் விளிம்பை ஒட்டிப் போஸ்டில் ஒரு துண்டு டேப் ஒட்டி, உருவி, அளந்துவிடுங்கள். அடித்து இறக்க வேண்டாம், உள்சுவர் கீறும்.

மார்ச் 14, இரவு

ஷிம் (மெல்லிய போஸ்டை அகலமான குழாயில் பொருத்த இடையில் செருகும் உறை) பற்றிக் கேட்டவருக்கு: போஸ்ட் எவ்வளவு ஆழம் இருக்கவேண்டுமோ அவ்வளவு ஆழத்துக்கு ஷிமும் இருக்கவேண்டும். விளிம்பில் மட்டும் நிற்கும் குட்டி ஷிம், அந்த 148 மி.மீ. கணக்கையே அர்த்தமில்லாமல் ஆக்கிவிடும்.

மார்ச் 16

ஃபுல் சஸ்பென்ஷனில் சின்ன ஃபிரேமும் 29 அங்குலச் சக்கரமும் என்றால் இன்னொரு சோதனை உண்டு. ஷாக்கின் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, சீட்டையும் முழுவதும் இறக்கி, பைக்கைத் தரையோடு அழுத்திப் பாருங்கள். பின்டயர் சீட்டின் அடியை உரசினால் அவ்வளவு நீளமான டிராப்பர் அந்தப் பைக்குக்கு ஆகாது. ஓட்டும்போது உரசினால் டயர் சீட்டைப் பிடித்து நின்றுவிடும்.

டிராப்பர் கிளாம்பை அளவுக்கு மீறி இறுக்கினால் உள்ளே இருக்கும் குழாய் நசுங்கி, சீட் மேலே வரும்போது மந்தமாகும். "போஸ்ட் கெட்டுப்போச்சு" என்று சொல்லும் முன் கிளாம்பை அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள்.

மார்ச் 21

கேட்டவர் அந்த மீடியத்தை விட்டுவிட்டு, அதே மாடலில் ஒரு லார்ஜை ஓட்டிப் பார்த்திருக்கிறார். ரீச் 25 மி.மீ. கூடுதல். எழுந்து நிற்கும்போது முழங்காலுக்கு இடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார், படித்ததும் சந்தோஷமாக இருந்தது. சீட் டியூப் 460, வெல்டின் கீழ்விளிம்பு வரை 140.

730 − 45 − 460 = 225 வெளியே. அதே 400 மி.மீ. போஸ்ட், உள்ளே 175. போஸ்டின் கோட்டுக்கும் சரி, ஃபிரேமின் வெல்டுக்கும் சரி. பின்னாளில் டிராப்பர் என்றால் 225-க்குள் 170 மி.மீ. இறக்கம் அடங்கும். மீடியத்தில் 180 தாராளமாகவும் 210 நெருக்கமாகவும் அடங்கியிருக்கும். அந்த இறக்கத்தைக் கொடுத்து 25 மி.மீ. ரீச்சை வாங்கியிருக்கிறார். நானாக இருந்தாலும் இதையே செய்திருப்பேன்.

வாங்கும் முன் போஸ்டை ஒரு முறை முழுவதும் உருவச் சொல்லுங்கள். பழைய ஃபிரேமில் போஸ்ட் அரித்து ஒட்டிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு எதுவும் உதவாது.

மார்ச் 22

உருவிப் பார்த்திருக்கிறார், வந்துவிட்டதாம். உள்ளே காய்ந்த கிரீஸும் மண்ணும்தான். வெல்டைச் சுற்றித் துடைத்து நகம் ஓட்டியும் பார்த்திருக்கிறார், எங்கும் தடுக்கவில்லை.

துடைத்து, புதுக் கிரீஸ் தடவி, 225-இல் நிறுத்தி, விளிம்பை ஒட்டிப் போஸ்டைச் சுற்றி ஒரு கறுப்பு டேப். வாரம் ஒரு முறை அந்த டேப்பைப் பாருங்கள். அது விளிம்புக்குள் போயிருந்தால் போஸ்ட் வழுக்குகிறது, கிளாம்பைக் கவனிக்கவேண்டும்.